ஏழு வண்ணக் கட்டை

அந்தக் கட்டை பி.டி. மிஸ்ஸின் யோசனை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகப் போக அவர் பக்கம் சாய்ந்துதான் எழுதப் போகிறேன். அப்போது யாரும் இதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் பள்ளியில் சாவி தொலைவது ஒரு தீராத வியாதி. யாராவது வேதியியல் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நூலகத்தின் சாவி ஒரு விடுமுறைக்கு ஓர் ஆசிரியரின் மாமியார் வீடுவரை போய்விட்டுத் திரும்பியது. விளையாட்டுச் சாமான் அறைச் சாவியும் இப்படியே காணாமல் போய்க்கொண்டிருக்க, ஒருநாள் பி.டி. மிஸ் உடைந்துபோன தடைதாண்டும் சட்டத்திலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்து, ஓட்டை போட்டு, சாவியைச் சங்கிலியால் அதில் பிணைத்தார்.

"இனிமே எவன் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போறான்னு பாக்கறேன்" என்றார்.

யாரும் போகவில்லை. அதன் பிறகு எல்லாச் சாவிக்கும் கட்டை வந்தது. அலுவலக ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள், பிள்ளைகள் கையில் கட்டையோடு நடப்பதைப் பார்த்து, இந்தப் பள்ளியில் விறகடுப்பு இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

பி.டி. மிஸ்ஸுக்கு ஆசிரியர் அறையில் என் மேசைக்கு அடுத்த மேசை. உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. அந்தக் காலத்துக் குண்டு எறிதல் வீராங்கனை. தோள் அவ்வளவு அகலம். எந்த நாளும் ட்ராக் சூட்தான், கழுத்தில் விசில்தான். உடம்பு இப்படியென்றால் மூக்கு அதற்கு மேல். மைதானத்தின் ஒரு மூலையில் நின்றுகொண்டே மறு மூலையில் எவன் காலுறை துவைக்கவில்லை என்று சொல்லிவிடுவார். கிளார்க்கின் தலை எண்ணெய், ஓவிய ஆசிரியரின் டர்பன்டைன், திறந்த சாப்பாட்டு டப்பா, நனைந்து காயாத கால்மிதி எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது ஒரே வார்த்தை. "சீ." நீட்டாமல், வெட்டிப் போட்ட மாதிரி ஒரு "சீ". பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் அதை அப்படியே சொல்லிக் காட்டுவார்கள். அதுவும் அவருக்குத் தெரியும்.

அவருடைய கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கேலி பேசாமல் ஒரு கியர்கூட மாற்றத் தெரியாத மனிதர். ஒருநாள் மாலை வேன் கிளம்பக் காத்திருந்தபோது, முன் இருக்கையிலிருந்து திரும்பி எங்களிடம் சொன்னார்:

"உங்க மிஸ்ஸ சும்மா நெனச்சுக்காதீங்க. சின்ன வயசுல ஒரு போட்டியில இவ எறிஞ்ச எறியப் பாத்துட்டு, தோத்த டீம்காரங்க புகார் குடுத்துட்டாங்க. இது பொண்ணே இல்லைன்னு. அப்புறம் ஒரு டாக்டரக் கூட்டிட்டு வந்து, திரை கட்டி, செக் பண்ணித்தான் மெடல குடுத்தாங்க. சர்ட்டிஃபிகேட் வாங்கின பொண்டாட்டி எனக்கு மட்டும்தான்!"

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பி.டி. மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் டிரைவர், ரோட்டப் பாரு" என்றார்.

"வண்டி இன்னும் கெளம்பவே இல்லையே."

"அப்போ கெளப்பு."

அந்தக் கதையை பி.டி. மிஸ்ஸின் வாயால் நான் ஒருமுறைதான் கேட்டேன். அது பின்னால் வருகிறது.

இப்படி இருக்கும்போதுதான் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பாலின அடையாளத்திலோ பாலீர்ப்பிலோ மற்றவர்களிடமிருந்து வேறுபட்டிருக்கும் மாணவர்களுக்குப் பள்ளி என்னென்ன செய்ய வேண்டும் என்ற விதிகள். படித்துப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருந்தார்கள். பிள்ளை எந்தப் பெயரைச் சொல்கிறதோ அந்தப் பெயரில் கூப்பிட வேண்டும். இரண்டு சீருடைகளில் எதை வேண்டுமானாலும் அணியலாம். கேலி செய்தால் நடவடிக்கை. யாரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஒன்று இருக்க வேண்டும். ஏன், எதற்கு என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது.

எங்கள் தலைமையாசிரியைக்கு விதி என்றால் பெயிண்ட். வந்த வாரமே வாசலில் ஒரு பலகை ஏறியது, "இங்கே அனைவரும் சமம்" என்று. "அனைவரும்" என்பதில் புள்ளி உரிந்து போனபோது மறுபடி எழுதினார்கள். விளையாட்டுச் சாமான் அறையை ஒட்டி, பல்லிகள் மட்டும் குடியிருந்த ஒரு பழைய குளியலறை இருந்தது. அதற்கு டைல்ஸ், கண்ணாடி, புதுக் குழாய், புதுக் கதவு, வெளிப்பக்கம் பெரிய பூட்டு. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியை, புதுப் பெயர் வரும் இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். அது விதியில் இல்லை. ஆனால் விதிக்கு விரோதம் என்றும் எங்கும் எழுதவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை கேட்டார், "எல்லாம் சரி, இந்த ரூம் சாவி தொலஞ்சுபோச்சுன்னா? இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க முன்னாடி பூட்ட உடைக்க முடியுமா?"

பி.டி. மிஸ் டீ டம்ளரிலிருந்து தலை நிமிராமல் சொன்னார். "மத்ததுக்குக் கட்டின மாதிரி இதுக்கும் ஒரு கட்டை கட்டிருங்க மேடம். முடிஞ்சது."

முடிந்துதான் போயிற்று. தச்சரிடம் சொல்லி மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிய கட்டையாகச் செய்தார்கள். ஓவிய ஆசிரியர் அதற்கு வானவில்லின் ஏழு வண்ணமும் பூசி, வார்னிஷ் அடித்து, மூன்று நாள் காயவைத்தார். மற்ற கட்டைகளுக்கு நடுவில், அலுவலக ஜன்னலின் உச்சி ஆணியில், அது மயில் மாதிரி தொங்கியது.

இனி வெட்டுக்கிளி.

வெட்டுக்கிளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. உயரம் தாண்டுவதால் பி.டி. மிஸ் வைத்த பெயர் அது. பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருந்தது, இப்போது அந்தப் பிள்ளை தன்னை என்னவாகச் சொல்லிக்கொள்கிறது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் விதி. பள்ளியில் கடைப்பிடிக்காததை இங்கேயாவது கடைப்பிடிக்கிறேன். ஒல்லிக் கால்கள், பெரிய முழங்கால்கள், எதற்கும் முதலில் ஒரு முறைப்பு, பிறகுதான் பதில். பி.டி. மிஸ்ஸுக்கு அந்தப் பிள்ளையின் முறைப்பு ரொம்பப் பிடிக்கும்.

"எலேய் வெட்டுக்கிளி, என்ன மொறைக்கிற? கம்பிய மொறை. அது பயந்து எறங்கட்டும்."

"கம்பி எறங்கினா ரெக்கார்ட் எப்பிடி மிஸ் ஏறும்?"

"வாய் மட்டும் ரெண்டு மீட்டர் தாண்டுது."

புது அறை திறந்து சில மாதம் ஆகியிருக்கும். வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து பார்வையிட வந்தார்கள். தலைமையாசிரியை கட்டையை இறக்கி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பார். பூட்டைத் திறந்து ஒதுங்கி நிற்பார். உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பூங்கொத்து. மூலையில் வாசனை உமிழும் டப்பா. "பாருங்க, எவ்ளோ க்ளீனா மெயின்டெய்ன் பண்றோம்" என்பார். வந்தவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கழிப்பறையை அத்தனை பேர் அத்தனை மரியாதையாகப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒருநாள் மாலைப் பயிற்சியில் வெட்டுக்கிளி கம்பியைத் தாண்டி மெத்தையில் விழுந்தது, எழவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. முதலில் தசைப்பிடிப்பு என்றுதான் பி.டி. மிஸ் நினைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடினார். கூடப் போக ஆள் வேண்டுமென்று என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

கிளினிக்கில் டாக்டரம்மா சோதித்துவிட்டுச் சொன்னார், "சிறுநீர்த் தொற்று. காய்ச்சல் ஏறியிருக்கு. இது முதல் தடவை மாதிரி தெரியல. தண்ணியே குடிக்கறதில்லையா? நாள் பூரா அடக்கி வெச்சுக்கறியா?"

வெட்டுக்கிளி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

பி.டி. மிஸ்ஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏன் குடிக்க மாட்டேங்கற? ஓட்டமும் தாண்டலுமா இருக்கற ஒடம்பு, தண்ணி இல்லாம என்னத்துக்கு ஆகும்?"

"குடிச்சா போகணும் மிஸ்."

"போக வேண்டியதுதானே! அதான் டைல்ஸ் எல்லாம் போட்டு ரூம் கட்டி வெச்சிருக்கே. பூவெல்லாம்கூட வெச்சிருக்கே."

"டமாரத்தத் தூக்கிட்டா?"

"என்ன டமாரம்?"

அந்தக் கட்டைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. முதல் வாரத்தில் வெட்டுக்கிளி ஒரு தடவை அலுவலக ஜன்னலில் போய்ச் சாவி கேட்டிருக்கிறது. கிளார்க் எட்டிப் பார்த்து, "ஓ, நீதானா அது?" என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, வெறும் ஆர்வம். கட்டையைத் தூக்கிக்கொண்டு நீள வராந்தாவில், எட்டு, ஒன்பது, பத்து என்று எல்லா வகுப்பு ஜன்னல்களையும் கடந்து போக வேண்டும். போகும்போது யாரோ ஒருவன் மேசையில் தட்டினான். அடுத்த வகுப்பில் இரண்டு பேர். திரும்பி வரும்போது வராந்தா முழுக்க டண்டணக்கா. ஓர் ஆசிரியர் அதட்டினார், "கிளாஸ்ல என்னடா மியூசிக்?" அவருக்கு எதற்குத் தட்டுகிறார்கள் என்று தெரியாது. அல்லது தெரியும். அன்றிலிருந்து வெட்டுக்கிளி வகுப்பில் எதற்காக எழுந்து நின்றாலும், பேனா எடுக்கக் குனிந்தாலும்கூட, எங்காவது ஒரு விரல் மேசையில் மெதுவாகத் தட்டும்.

"பசங்க பக்கமும் போக முடியாது, பொண்ணுங்க பக்கமும் போக முடியாது. இது ஒண்ணுதான். அதுக்கு டமாரம் அடிச்சுட்டுப் போகணும். நான் குடிக்கறதில்ல மிஸ். பழகிருச்சு."

பி.டி. மிஸ் கழுத்து விசிலைக் கையில் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு "சீ" என்றார். வழக்கமாக அதைச் சொல்லும்போது எதையாவது பார்த்துச் சொல்வார். அன்று தன் கையைப் பார்த்துச் சொன்னார்.

பிள்ளையின் அம்மா வேலையிலிருந்து நேராக வந்தார். துணிக்கடையில் பில் போடுகிறவர். கடையின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் இருந்தது. டாக்டரம்மா சொன்னதையும் பிள்ளை சொன்னதையும் நின்றபடியே கேட்டார்.

"போதும்மா. நான் இத்தனை நாளா வெளிய இருக்கறவங்களோடதான் சண்ட போட்டுட்டு இருந்தேன், சொந்தக்காரங்க, அக்கம் பக்கம். ஸ்கூல்ல பலக எல்லாம் மாட்டியிருக்காங்களேன்னு தெம்பா இருந்தேன். ஒண்ணுக்குப் போறதுக்கே மேளம் அடிக்கறாங்கன்னா அந்தப் படிப்பு வேண்டாம். வீட்லயே இருக்கட்டும்."

"ஒரு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டுங்க. அடுத்த திங்கக்கெழம அனுப்பி வைங்க."

"எத நம்பி அனுப்பச் சொல்றீங்க டீச்சர்?"

கட்டிலில் கிடந்த பிள்ளை இவர்கள் இருவரையும் முறைத்தது. பள்ளிக்கு வர வேண்டாம் என்பதைக் கேட்டு அந்த முகத்தில் நிம்மதி எதுவும் தெரியவில்லை. மெத்தையும் கம்பியும் பள்ளியில்தானே இருக்கின்றன.

திரும்பி வரும் வழியில், வேனில் நாங்கள் மூவரும்தான். அப்போதுதான் அவர் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

"அந்தத் திரை பச்சக் கலரு. அதத் தூக்கிட்டு வந்து நடு கிரவுண்ட்ல வெச்சாங்க. யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் திரை. ஆனா அதத் தூக்கிட்டு வர்றப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, எனக்குத்தான்னு."

அவருடைய கணவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அன்று அவர் கேலி பேசவில்லை. அந்தக் கதையை அதன் பிறகு வேனில் நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் பி.டி. மிஸ் தலைமையாசிரியையிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கண்கூடக் கலங்கியது. உடனே ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டினார். அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் எச்சில் கசக்கும். ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து கட்டையின் அளவைப் பற்றிப் பேசினோம்.

கணித ஆசிரியர் பாதியாக வெட்டிவிடலாம் என்றார். பாதியாக்கினால் பைக்குள் போய்விடும், சாவி தொலையும் என்றார் கிளார்க். வண்ணத்தை அழித்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, ஓவிய ஆசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொதல்லயே ப்ளெய்னா குடுத்திருப்பேனே. மூணு கோட்டிங் சார் அது." துணிப்பை தைத்துக் கட்டையை மூடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பையின் நிறம் என்ன என்று ஒருவர் கேட்டார். இதற்கு நடுவில் பிஸ்கட் வந்தது.

"பூட்டே வேண்டாம் மேடம்" என்றார் பி.டி. மிஸ். "உள்பக்கம் தாப்பா இருக்கு. அது போதும்."

"பூட்டு இல்லேன்னா எல்லாப் பிள்ளைங்களும் போவாங்களே?"

"போகட்டும். கக்கூஸ்தானே."

"அப்புறம் அது அவங்களுக்காகக் கட்டினதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியக் கூடாதுன்னுதான் மேடம் சொல்றேன்."

தலைமையாசிரியை அவரைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது. "நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. திங்கக்கெழம சிறந்த பள்ளிக்குக் கேடயம் குடுக்கற கமிட்டி வருது. மாவட்டத்துலயே இந்த வசதி பண்ணின மொதல் ஸ்கூல் நாமதான். அவங்க போகட்டும், நிதானமா பேசுவோம். அந்தப் பிள்ளைக்கு நான் பர்சனலா ஒரு கார்டு அனுப்பறேன்."

கூட்டம் முடிந்தது. பி.டி. மிஸ் அந்த அறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அவர் அதுவரை உள்ளே போனதில்லை. கிளார்க்கிடம் கட்டையை வாங்கிக்கொண்டு அவரே வராந்தாவில் நடந்தார். அந்த அகலத் தோளுக்கே கட்டை பெரிதாகத் தெரிந்தது. யாரும் மேசையில் தட்டவில்லை. ஆனால் எல்லாத் தலையும் திரும்பியது. உள்ளே போய் நின்று மூச்சை இழுத்தார். ரோஜா வாசனை. குழாயின் கழுத்தில் கம்பெனிக்காரன் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட தடம் இல்லை. வாழ்நாள் முழுக்க நாற்றத்தோடு சண்டை போட்ட அந்த மனுஷி, அந்த வாசனையில் நிற்க முடியாமல் வெளியே ஓடி வந்து, மைதானத்து வேலியோரம் வாந்தியெடுத்தார்.

திங்கட்கிழமை காலை, முதல் மணிக்கு முன்பே வந்துவிட்டார். சாமான் அறையிலிருந்து இரும்புக் குண்டை எடுத்தார். எறியவில்லை, அதெல்லாம் சினிமாவில் செய்வது. குண்டை உள்ளங்கையில் வைத்து, தேங்காய் உடைப்பவர் போல நிதானமாகப் பூட்டின் மேல் இறக்கினார். பூட்டு கெட்டிதான். கதவிலிருந்த கொண்டி பெயர்ந்து வந்தது. கொண்டியையும் பூட்டையும் சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். வாசனை டப்பாவும் பூங்கொத்தும் பின்னாலேயே போயின. பிறகு வெட்டுக்கிளியின் அம்மாவுக்குப் போன் செய்தார்.

"எத நம்பின்னு கேட்டீங்களே. பூட்ட ஒடச்சுட்டேன். வேற ஒண்ணும் இப்போதைக்கு என்கிட்ட இல்ல. அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்."

"ஒடச்சதுக்கு உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றார் அம்மா.

"சொல்லுவாங்க. அது என் பாடு."

முதல் பாடவேளை எட்டாம் வகுப்புக்கு விளையாட்டு. நன்றாக ஓடவிட்டார். பிறகு எல்லோரையும் தண்ணீர் குடிக்கச் சொன்னார். விசில் ஊதி அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினார்.

"இன்னையிலேர்ந்து கிரவுண்ட்ல இருக்கற யாரா இருந்தாலும் இதுதான். ஆம்பள பொம்பள எல்லாம் கெடையாது. ஒருத்தர் போய்ட்டு வந்தா அடுத்தவர். தண்ணி ஊத்தாம வந்தவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"மிஸ், இது அவங்களுக்குத்தானே?"

"எவங்களுக்கு?"

கேட்டவன் யோசித்தான். "ஒண்ணுக்கு வர்றவங்களுக்கு" என்றான். வரிசை சிரித்தது. பி.டி. மிஸ்ஸும் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

அடுத்து ஏழாம் வகுப்பு, அதற்கடுத்து ஒன்பது. கேடயக் கமிட்டி வந்து சேர்ந்தபோது அந்த அறையில் சேற்றுக் கால் தடம், வழியும் வாளி, கண்ணாடியில் விரலால் எழுதிய யாரோ ஒருவன் பெயர், கதவுக்கு வெளியே வேர்வை நாற்றத்தோடு நெளியும் ஒரு வரிசை. தலைமையாசிரியை கையில் கட்டையை ஏந்தியபடி நின்றார். திறக்க அங்கே பூட்டு இல்லை. கமிட்டியில் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். இன்னொருவர், "இதுல எது அந்த ஸ்பெஷல் மாணவர்களுக்கான வசதி?" என்று கேட்டார். யாரும் காட்டவில்லை. அந்த வரிசையின் நடுவில், ஒல்லிக் கால்களும் பெரிய முழங்கால்களுமாக, கையில் பாதி காலியான தண்ணீர் பாட்டிலோடு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தது. கமிட்டி அந்தப் பிள்ளையைத் தாண்டிக்கொண்டு போயிற்று.

கேடயம் வேறொரு பள்ளிக்குப் போனது. அங்கே அறை பூட்டிச் சுத்தமாக இருக்கிறதாம். பி.டி. மிஸ்ஸுக்கு மெமோ வந்தது. அந்த அறையின் சுத்தத்துக்கு அவர்தான் பொறுப்பு என்றும் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். அவருடைய மூக்கைப் பற்றித் தெரிந்துதான் அந்தத் தண்டனை. வகுப்பில் மேசை தட்டுவது உடனே நின்றுவிடவில்லை. தேர்வு வரைக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. கொண்டியைத் திரும்ப வைக்க இரண்டு தடவை தச்சரை அனுப்பினார்கள். இரண்டு தடவையும் கதவுக்கு முன்னால் வரிசை நின்றதால் அவர் திரும்பிப் போய்விட்டார். கட்டையை இன்னும் எடுக்கவில்லை. எதையும் திறக்காத ஒரு சாவியோடு, ஏழு வண்ணத்தில், அலுவலக ஜன்னலின் உச்சி ஆணியில் அது தொங்குகிறது. பார்வையாளர் வந்தால் தலைமையாசிரியை அதைக் காட்டத் தவறுவதில்லை.

போன வாரம் மைதானத்துப் பக்கம் போயிருந்தேன். பி.டி. மிஸ் ட்ராக் சூட்டின் காலை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, வாசலில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

"சீ. என்ன தின்னுதுங்களோ. இந்த நாத்தம் செத்தாலும் மூக்க விட்டுப் போகாது."

பின்னாலிருந்து வெட்டுக்கிளி ஓடி வந்தது. "மிஸ், அவசரம். உள்ள ஆள் இருக்கா?"

பி.டி. மிஸ் துடைப்பத்தால் வரிசையின் கடைசியைக் காட்டினார்.

"எல்லாருக்கும்தான் அவசரம். போய்ப் பின்னாடி நில்லு."

பிள்ளை ஒருமுறை முறைத்துவிட்டு, போய்ப் பின்னால் நின்றது.